எழுதிச் சம்பாதிக்கலாம், முதலில் இதைக் கவனியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "இதில் கதை, கட்டுரை எழுதி நாலு காசு பார்க்க முடியுமா?" என்பதுதான். முடியும். ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படித்தபோது, அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஊரில் இருந்த டி.டி.பி. சென்டரில் வாங்கிய பாண்டில் டைப் செய்து, ஒரு மாத இதழின் சிறப்பிதழுக்கு இமெயிலில் அனுப்பினேன். அப்பா கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தேன். "தம்பி, உங்க பைலைத் திறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா இருந்துச்சு. இதழ் அச்சுக்குப் போயிடுச்சே" என்றார் உதவி ஆசிரியர்.

என்ன நடந்தது? பழைய தமிழ் பாண்ட்களில் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. அந்தப் பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகிவிடும். யூனிகோடு முறையில் இந்தத் தொல்லை இல்லை. அதில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே இன்றைய கம்ப்யூட்டர், மொபைல் எதில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

கீபோர்டு அமைப்பது எப்படி?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி சாப்ட்வேர் தேவையில்லை. செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்க்கவும். பின்னர் அதன் ஆப்ஷன்ஸ் பகுதியில் தமிழ் 99 கீபோர்டைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். தமிழ் 99 முறையை 1999ல் தமிழக அரசு ஏற்றது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளைப் பழகினால், 247 எழுத்தும் கைக்கு வந்துவிடும்.

அனுப்பும் முன்

இதழின் பழைய பிரதிகளைப் புரட்டி, கட்டுரை எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். டைப் செய்த பைலை முதலில் உங்கள் இமெயிலுக்கே அனுப்பி, மொபைலில் திறந்து பாருங்கள். சரியாகத் தெரிந்தால் மட்டும் இதழுக்கு அனுப்புங்கள். ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். காப்பி ஒன்றை பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எப்படி வரும்?

இதழ்கள் பிரசுரமான படைப்புக்குச் சன்மானம் தரும். சில சிறு இதழ்கள் பிரதி மட்டுமே அனுப்பும். எனவே முதலிலேயே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பல கட்டுரைகள் சேர்ந்தால் மின்னூல் ஆக்கலாம். அமேசானின் கிண்டில் தளம் 2016 முதல் தமிழ் நூல்களை ஏற்கிறது. வெளியிடக் கட்டணம் கிடையாது. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால், கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் தரக்கூடாது. மாதக் கணக்கு முடிந்து சுமார் 60 நாட்கள் கழித்தே பணம் வரும். "நீங்கள் பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால், அது வருமானம் அல்ல, செலவு என்பதை நினைவில் வையுங்கள்.

உரிமை யாருக்கு?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எழுதி அனுப்பும் படைப்பின் முதல் உரிமையாளர் நீங்களே. எழுத்து மூலம் எழுதிக்கொடுத்தால்தான் உரிமை கைமாறும். காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆகவே எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

என் கட்டுரை என்ன ஆயிற்று என்கிறீர்களா? முழுவதையும் யூனிகோடில் மறுபடி டைப் செய்தேன். எட்டு மாதம் கழித்து வேறோர் இதழில் வந்தது. சன்மானம் 500 ரூபாய். அந்தப் பக்கத்தை அப்பா கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். நீங்களும் இன்றே கீபோர்டைச் சேர்த்து, ஒரு பக்கம் டைப் செய்து பாருங்களேன்!