கேடயச் சுரப்பியில் பாதியை மட்டும் எடுப்பது ஏன்?

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவிப் பட்டாம்பூச்சி போலச் சிறகு விரித்திருக்கும் சுரப்பிதான் தைராய்டு. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினார். தமிழிலும் கேடயச் சுரப்பி என்றே கலைச்சொல் அமைந்தது. எடை சுமார் 20 கிராம். பழைய கணக்கில் இரண்டு தோலாகூட வராது. ஆனால் உடற்சூடு, நாடித்துடிப்பு, பிள்ளைகளின் வளர்ச்சி, அறிவின் சுறுசுறுப்பு எல்லாம் இதன் கையில்.

இதில் ஒரு பக்கம் கட்டி வந்து, "பாதியை எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னால் நம் தீவுக்காரர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, முழுசா எடுத்துட்டா என்ன?" என்பது ஒன்று. "பாதிதானே, எந்தக் கப்பல்ல திரும்பலாம்?" என்பது மற்றது.

முதல் கேள்விக்கு விடை சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. மலைநாடாகிய அங்கே அயோடின் குறைவால் முன்கழுத்துக் கழலை மிகுதி. பெர்ன் நகரத்து தியோடர் கோஹர் 1874இல் பதினொரு வயதுச் சிறுமிக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்தார். புண் நன்றாக ஆறியது. பிறகு அந்தப் பிள்ளை வளரவில்லை, மந்தமாகிவிட்டது. தங்கை அவளைவிட உயரமானாள். 1882இல் ஜெனீவாவின் ரெவெர்தென் தம் நோயாளிகளிடமும் இப்படிக் கண்டதாகச் சொன்ன பிறகே, கோஹர் தம்முடைய பழைய நோயாளிகளை வரவழைத்துப் பார்த்தார். முழுதும் எடுக்கப்பட்டு, திரும்பி வந்த 18 பேரில் 16 பேர் அதே நிலை. இதை அவர் மறைக்காமல் 1883இல் பெர்லினில் அறுவை மருத்துவர் மாநாட்டில் சொன்னதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதன்பின் சாதாரணக் கழலைக்கு ஒரு பகுதியை விட்டுவைத்தே அறுத்தார். 1909இல் நோபல் பரிசு பெற்றார்.

1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு, குறைபாட்டுக்கு வழி கண்டார். இன்றைய தைராக்ஸின் மாத்திரையின் மருந்து செயற்கையாகச் செய்யப்படுவது. புலால் மறுத்த எங்களைப் போன்றோர் தயங்க வேண்டியதில்லை. அப்படியானால் முழுதும் எடுக்கலாமே? எடுக்கலாம், தேவைப்பட்டால். ஆனால் சுரப்பியின் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகக் குரல் நரம்பு ஓடுகிறது. சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகளும் ஒட்டியிருக்கின்றன. ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் மறுபக்கத்து நரம்புக்கும் குட்டிச் சுரப்பிகளுக்கும் ஆபத்தில்லை. பலருக்கு வாழ்நாள் மாத்திரையும் வேண்டியிராது.

இரண்டாவது கேள்விதான் நமக்கு முக்கியம். ஊசி குத்தி எடுக்கும் பரிசோதனையில் எல்லாக் கட்டியும் பிடிபடாது. ஃபாலிக்குலர் என்ற வகையில் நல்ல கட்டியின் அணுக்களும் புற்றுநோயின் அணுக்களும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டி தன் உறையையோ இரத்தக் குழாயையோ உடைத்து உள்ளே புகுந்திருக்கிறதா என்பதை வைத்தே பிரித்தறிய முடியும். மூட்டையில் குத்தூசி விட்டால் அரிசி என்ன ரகம் என்று தெரியும். சாக்கு எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியுமா? ஆகவே அந்தப் பக்கம் முழுவதையும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரப் பல நாளாகும். சிறிய, பரவாத புற்றாயின் எடுத்த பாதியே போதும் என்பது உண்டு. மற்றபடி மீதியையும் எடுக்க வேண்டிவரும்.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் மூன்று நாள். தையல் காய்ந்ததும் கிளம்பிவிட்டு, பிறகு மறுபடி வரச்சொன்னால் செலவும் அலைச்சலும் இரட்டிப்பு. போகுமுன்பே, "ரிப்போர்ட் என்றைக்கு வரும், அதுவரை இங்கே தங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இவ்வகை அறுவைக்குத் தனித் துறைகளே உண்டு.

திரும்பிய பிறகு, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை அவசியம். மீந்த பாதி முழுவேலையும் பார்க்கிறதா என்று அதில் தெரியும். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் போதாமல் போகிறது; அது மாதக்கணக்கில் கழித்தும் வரலாம். அசதி, மலச்சிக்கல், உடம்பு ஊதுதல் வந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் எடுத்தார்கள், ஆய்வில் என்ன பெயர் வந்தது என்ற தாளை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். இங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.