முகாமின் கடைசி நாள்

ஒரு காரியத்தின் தன்மையை அதைத் தொடங்குவோரின் உற்சாகத்தைக் கொண்டு அளவிடலாகாது; முடிப்போரின் நிதானத்தைக் கொண்டே அளவிடல் வேண்டும். தேசத் தொண்டு என்னும் பெயரால் நடைபெறும் காரியங்களுக்கு இவ்விதி மிகவும் பொருந்தும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் விடுமுறையில் ஒரு கிராமத்திற்குச் சென்று ஏழு நாள் தங்கித் தொண்டு செய்து திரும்புவது இப்போது நம் மாகாணத்தில் ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாகியிருக்கிறது. அம்முகாமின் முதல் நாளைப் பற்றிப் பேசுவோர் பலர். நாம் ஏழாம் நாளைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

இத்திட்டம் ஒரே நாளில் உதித்ததன்று. மாணாக்கர்கள் தங்கள் விடுமுறையைக் கிராமத் தொண்டில் கழித்தல் வேண்டுமென்று காந்தியடிகள் பலகால் வற்புறுத்தி வந்தார். சுதந்திரத்திற்குப் பின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன் இதைப் பற்றி ஆராய்ந்தது. 1959-இல் தேஷ்முக் கமிட்டியும், பின்னர் கோத்தாரி கமிஷனும் ஆராய்ந்தன. முடிவில், காந்தி நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதியன்று, அப்போதைய கல்வி மந்திரி டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் இதனைத் தொடங்கி வைத்தார். அன்று சேர்ந்தவை 37 பல்கலைக்கழகங்கள். மாணாக்கர்கள் 40,000 பேர். இதன் சின்னம் கோனாரக் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் குறிப்பன. எந்நேரமும் தொண்டுக்குச் சித்தமாயிருத்தல் என்பது கருத்து. 'எனக்காக அன்று, உனக்காக' என்பது இதன் குறிமொழி.

இத்தகைய உயர்ந்த நோக்கத்தோடு பிறந்த திட்டத்தின் கடைசி நாள் இன்று எவ்வாறு கழிகிறது? காலையில் மண்வெட்டிகளும் கடப்பாரைகளும் எண்ணி அடுக்கப்படுகின்றன. தங்கியிருந்த பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கப்படுகிறது. இரவல் வாங்கிய அண்டாக்கள் உடையவரிடம் சேர்கின்றன. பிற்பகலில் நிறைவு விழா. பிரமுகர்கள் வருகிறார்கள், பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன, நற்சாட்சிப் பத்திரங்கள் வழங்கப்படுகின்றன, இத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன, இத்தனை கஜ நீளம் வாய்க்கால் தூர் வாரப்பட்டது என்று ஓர் அறிக்கை வாசிக்கப்படுகிறது. பிள்ளைகள் கண் கலங்கி விடைபெறுகிறார்கள். அக்கண்ணீர் பொய்யன்று; அதை நாம் பரிகசிக்கவும் மாட்டோம். ஆயினும் வண்டி புறப்பட்ட பின் எட்டாம் நாள் ஒன்று விடிகிறது. அந்நாளில் அக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவோர் யார் என்பதே நமது கேள்வி.

சீமைக் கருவேலத்தை எடுத்துக் கொள்வோம். முகாம்களில் பெரிதும் மேற்கொள்ளப்படும் வேலை இதனை அழிப்பதேயாகும். இம்மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டால் மட்டும் போதாது; வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்காவிடில் அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் தழைத்து எழும். ஆடுமாடுகள் அதன் நெற்றுக்களைத் தின்று போகுமிடமெல்லாம் விதையைப் பரப்பும். ஆகவே ஏழு நாளில் வெட்டிச் சாய்த்ததாக அறிக்கையில் காணும் காடு, ஒரே வருஷத்தில் முன்னிலும் அடர்ந்து நிற்பது வியப்பன்று. நட்ட கன்றின் கதியும் இத்தகையதே. ஒரு வேப்பங்கன்று பிழைக்க வேண்டுமானால், முதல் இரண்டு கோடைகளில் நீரும், ஆடு கடிக்காதிருக்க முள்வேலியும் வேண்டும். நடுவதற்கு ஒரு நாழிகை போதும்; காப்பதற்கு இரண்டு வருஷம் ஆகும். விழாவில் எண்ணப்படுவது எது? நட்டவை மட்டுமே.

அயல்நாட்டு உதாரணம் ஒன்று கூறுவோம். முதல் மகா யுத்தத்தில் பாழான வெர்டன் பிரதேசத்தில் எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தைச் சீர்படுத்த, 1920-இல் பல நாட்டுத் தொண்டர்களைச் சேர்த்துச் சென்றவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயர் பியேர் செரெஸோல். தொண்டர் முகாம் என்னும் இயக்கம் அங்கிருந்தே பரவியது. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீஹாரைச் சிதைத்த பூகம்பத்திற்குப் பிறகு அவர் நம் தேசத்திற்கு வந்தார். அவருடன் உழைத்த அயல்நாட்டார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆயினும் 1937 வரை அப்பணி தொடர்ந்தது; ஜனங்களோடு சேர்ந்து வீடு கட்டினார்கள். கூட்டத்தின் பெருமையால் அன்று, மீண்டும் மீண்டும் வந்து நின்ற உறுதியாலேயே அத்தொண்டு நிலைத்தது.

நம் திட்டத்தின் விதிகளை வகுத்தோரும் இதை அறியாதவரல்லர். வருஷத்திற்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டுமென்பது விதி. ஏழு நாள் முகாம் அதனோடு சேர்ந்த ஓர் அங்கம். கிராமத்தைத் தத்து எடுத்தல் என்ற சொல்லையும் அவர்களே வழங்கினார்கள். தத்து எடுத்த பிள்ளையை ஏழாம் நாள் விட்டுச் செல்லும் தகப்பன் உண்டோ?

ஆதலின் கடைசி நாளை வழியனுப்பும் நாளாக மட்டும் கொள்ளாது, கணக்கு ஒப்புவிக்கும் நாளாகக் கொள்ளல் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். நூறு கன்று நட்டு மறப்பதினும், பத்துக் கன்று நட்டு, ஒவ்வொன்றையும் இன்ன வீட்டார் காப்பார் என்று அவர் சம்மதத்துடன் எழுதி வைத்தல் நன்று. செய்து முடித்த வேலை எது, குறையாக நிற்கும் வேலை எது என்ற குறிப்பை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்து, அடுத்த கிராம சபையில் வாசிக்கச் செய்தல் வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகின்றது. அவற்றுள் ஒன்றிற்கேனும் மாணாக்கர் நால்வர் திரும்பி வந்து, பிழைத்த கன்று எத்தனை, பட்டது எத்தனை என்று எண்ணிச் சபையோர் முன் சொல்லட்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பஸ் கட்டணமும் மனமும் போதும்.

மாணாக்கர் தம் மனத்துள் பார்க்க வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. எந்தெந்தத் தெருவில் நாம் வேலை செய்தோம்? எந்தத் தெருவுக்குள் போகவேயில்லை? ஊரார் நம்மை விருந்துக்கு அழைத்தபோது காலனி வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தோமா? கோயில் பிராகாரத்தைக் கூட்டிய கை, சேரித் தெருச் சாக்கடையையும் தொட்டதா? இக்கேள்விகளை உபாத்தியாயர் ஏழாம் நாள் இரவே பிள்ளைகளிடம் கேட்டல் வேண்டும். ஊரின் பிரிவினையை உள்ளபடி ஏற்றுக்கொண்டு, அதன் ஒரு பாதிக்கு மட்டும் உழைத்துத் திரும்பும் முகாம், ஊருக்குத் தொண்டு செய்ததாகாது. பிரிவினைக்கே தொண்டு செய்ததாகும்.

'ஏழு நாளில் பதினாறு வயதுப் பிள்ளைகள் என்ன சாதித்துவிட முடியும்? புஸ்தகத்தைப் படிக்கட்டும்' என்று கூறும் பெரியோர் சிலர் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். மண்வெட்டி பிடித்துக் கை கொப்புளித்த பிள்ளை, கூலிக்காரன் ஒருவனைப் பிற்காலத்தில் அலட்சியமாகப் பேசுமுன் ஒரு கணமேனும் தயங்குவான். தண்ணீர்க் குடம் சுமந்து நடந்த பெண், நாளை அதிகாரியாகி ஒரு குடிநீர்த் திட்டத்தின் காகிதத்தைப் பார்க்கும்போது அதில் வெறும் எண்களை மட்டும் காணமாட்டாள். இப்பலன் சிறிதன்று. ஆனால் பலனெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக்கும், நற்சாட்சிப் பத்திரம் பள்ளிக்கும், பட்ட கன்று கிராமத்துக்கும் என்று பங்கு பிரிவது நியாயமாகுமா?

முகாம் நடத்தும் ஆசிரியர்களையும், அவர்களுக்குத் துணை நிற்கும் தேசத் தொண்டர்களையும் நாம் கேட்டுக் கொள்வது இதுவே. அடுத்த முகாமின் நிறைவு விழாவில் ஒரு பொன்னாடையைக் குறைத்து, அப்பணத்தில் ஒரு கன்றுக்கு வேலி கட்டுங்கள். அடுத்த வருஷம் அதே நாளில் அதே ஊருக்குப் போய் அவ்வேலிக்குள் எட்டிப் பாருங்கள். முகாம் நடந்ததா இல்லையா என்பதை அக்கன்று சொல்லும்.