சிஎன்ஜி வாகனப் புகை: பெட்ரோலை விடச் சுத்தமானதா?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அப்படியிருக்க, சிஎன்ஜி காருக்கு மாறலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் செலவுக் கணக்கோடு புகைக் கணக்கையும் பார்ப்பது நல்லது.

சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன். அதில் கார்பன் குறைவு, ஹைட்ரஜன் அதிகம். எனவே அதே அளவு ஆற்றலுக்கு, பெட்ரோலை விடச் சுமார் 20 சதவீதம் குறைவாகவே கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். வாயு காற்றுடன் நன்றாகக் கலந்து எரிவதால் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் குறைகின்றன. பெட்ரோலில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சிஎன்ஜியில் அது கிட்டத்தட்ட இல்லை. பெரிய லாபம் இதுதான். 1998இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் டெல்லிப் பேருந்துகள் டீசலிலிருந்து சிஎன்ஜிக்கு மாறியபோது, அவை கக்கிய கரும்புகையும் ஓய்ந்தது.

ஆனால் 'சிஎன்ஜியில் மாசே இல்லை' என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். எஞ்சின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. எரிபொருள் எதுவானாலும் இது நடக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இவை ஆகாது. எரியாமல் தப்பும் மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடை விட 25 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும்.

இவற்றைக் குறைப்பது கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சரியான ட்யூனிங்கும்தான். பழைய காரில் கிட் பொருத்துபவர்கள் இவ்விரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஷெட் கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். சிஎன்ஜியிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு.