அரளித் தோட்டமும் அகமலர்களும்

சேலத்திற்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி, சேலம் நகரின் குடிநீருக்காக 1911ஆம் ஆண்டில் பெரிய ஏரி அமைக்கப்பெற்ற ஊர். மழை பொய்த்து அவ்வேரி வறண்டு கிடந்த ஆண்டுகள் பல. எனினும் சுற்றுவட்டாரத்து நிலங்களில் அரளி மட்டும் பூத்துக்கொண்டே இருக்கிறது. குறைந்த நீரில் பிழைக்கும் செடி அது. அதன் பாலும் இலையும் நஞ்சாதலால் ஆடுமாடுகள் வாய் வைப்பதில்லை. அதிகாலையிலேயே மொட்டுகளைப் பறித்துச் சேலம் பூச்சந்தைக்கு அனுப்புகிறார்கள். அம்மன் சந்நிதியில் நாம் காணும் சிவந்த மாலைகளில் அவ்வூர் உழவரின் உழைப்பும் சேர்ந்திருக்கக் கூடும்.

அரளியைப் பழந்தமிழ் நூல்கள் அலரி என்று வழங்கும். திருவாரூர்ப் பக்கத்தில் திருக்கரவீரம் என்னும் தலத்திற்கு அதுவே தலமரம். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, குவளை, பாதிரி, அலரி, செந்தாமரை ஆகிய எட்டினையும் சிவபூசைக்குரிய புறமலர்கள் என்று சைவ நூல்கள் தொகுத்துரைக்கின்றன. தண்டிலும் இலையிலும் நஞ்சுள்ள ஒரு செடியின் பூ, தாமரைக்கு நிகராக இறைவன் திருவடியில் இடம்பெறுவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குறையுள்ள மனிதர்களாகிய நமக்கும் இதில் ஆறுதல் உண்டு.

இப்புறமலர்களுக்கு இணையாக அகமலர்கள் எட்டினையும் பெரியோர் வகுத்தனர். கொல்லாமை, புலனடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்பன அவை. தமக்குச் சூலை நோய் நீங்கிய திருவதிகைத் தலத்து இறைவனை, எட்டு மலர் கொண்டு வழிபடும் சிறப்பை அப்பர் பெருமான் ஐந்தாம் திருமுறையில் பாடியிருக்கிறார்.

அப்பரடிகள் முத்தி பெற்ற திருப்புகலூரில் வாழ்ந்தவர் முருக நாயனார். அவர் பொழுது புலருமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் தனித்தனிக் கூடைகளில் தம் கையாலேயே கொய்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தி வந்தார். இன்று நம்மில் பலருக்கு அது இயலாது. பனமரத்துப்பட்டியில் ஒருவர் பறிக்க, சந்தையில் ஒருவர் விற்க, கோயில் வாயிலில் ஓர் அம்மையார் தொடுத்துத் தர, நாம் வாங்கிச் சாத்துகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் அகமலரை அவ்வாறு பிறர் பறித்துத் தர இயலாது. பொறுமையை விலைக்கு வாங்க முடியாது. மகன் காட்டும் அன்பு தந்தையின் கணக்கில் சேராது.

முதுமையில் இவ்வுண்மை நன்கு விளங்குகிறது. முழங்கால் வலியால் பிராகாரம் வலம்வர இயலவில்லை. கண் மங்கியதால் திருமுறை ஏட்டைப் படிக்க இயலவில்லை. வழிபாடே கைநழுவிப் போயிற்றோ என்று மனம் கலங்குகிறது. அந்நிலையிலும் நம்மிடம் எஞ்சி நிற்பவை இவ்வெட்டு மலர்களே. காப்பி வரச் சற்றுத் தாமதமானால் மருமகளிடம் சுடுசொல் கூறாதிருத்தல் பொறுமை. மருத்துவர் விலக்கிய இனிப்பை யாரும் காணாத வேளையிலும் தொடாதிருத்தல் புலனடக்கம். பிள்ளைகளுக்குள் பாகம் பிரிக்கும்போது ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் கூறாதிருத்தல் வாய்மை. பொறுப்பை இளையவரிடம் ஒப்படைக்கும் காலம் வந்ததை உணர்தல் அறிவு. உடல் நோவை ஓயாமல் புலம்பாது தாங்குதல் தவம்.

அருளுக்குரிய இடம் கோயில் வாயிலிலேயே இருக்கிறது. நவராத்திரியிலும் ஐயப்பன் விரத நாள்களிலும் பூவின் விலை ஏறும். மற்ற நாள்களில் இறங்கும். சில நாள் பறிகூலிக்குக்கூட விலை கட்டாமல் உழவர் வருந்துவதுண்டு. அத்தகைய பூவை ஒரு முழம் வாங்கும்போது இரண்டு ரூபாய்க்காகப் பூக்கார அம்மையாரின் மனம் நோகப் பேசிவிட்டு, அதே பூவை அம்பிகைக்குச் சாத்தினால், புறமலர் சென்று சேரும்; அருள் என்னும் மலர் வாயிலிலேயே உதிர்ந்துவிடும்.

எட்டினையும் ஒரே நாளில் மலரச் செய்தல் அரிது. ஒரு கிழமைக்கு ஒன்றாகக் கொள்வோம். மாலையில் விளக்கேற்றும்போது, இன்று அம்மலர் நம்மிடம் மலர்ந்ததா என்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மலர்ந்திருந்தால் அதனை இறைவனுக்குச் சாத்துவோம். வாடியிருந்தால் நாளைக்கு வேண்டிக்கொள்வோம்.