முண்டாசு கழற்றாத கோரை

ராஜபாளையம் வாசகர் ஒருவர், அய்யனார் கோவில் ஆற்றோரம் எடுத்த படத்தை அனுப்பிக் கேட்கிறார்: "செடியை அடையாளம் காட்டும் செயலி இதைக் கோரை என்கிறது. எந்தக் கோரை?" செயலி சொன்னது தப்பில்லை. ஆனால் கோரைக் குடும்பத்தில் உலகம் முழுக்க 5,000க்கும் மேல் இனங்கள் உண்டே!

படத்தில் ஒல்லித் தண்டு, நுனியில் பழுப்புக் கதிர்க்கொத்து. செதில்கள் இரண்டு வரிசையாக இல்லாமல் சுற்றிச் சுற்றி அடுக்கியிருப்பதால் சைப்பெரஸ் பேரினம் இல்லை. மிச்சமிருப்பவர்களில் முக்கியமான இருவர் ஃபிம்பிரிஸ்டைலிஸும் பல்போஸ்டைலிஸும். இலையுறையின் வாயில் நீண்ட வெள்ளை முடி இருந்தால் பின்னவர்மீது சந்தேகம் விழும்; அது சந்தேகம் மட்டும்தான்.

வழக்கைத் தீர்ப்பது கனி. அளவு ஒரு மில்லிமீட்டர் பக்கம். பூவில் சூற்பைமேல் நிற்கும் சூல்தண்டின் அடி இருவருக்குமே கொஞ்சம் தடித்திருக்கும். கனி முற்றும்போதுதான் வேடிக்கை. ஃபிம்பிரிஸ்டைலிஸில் அந்தத் தடித்த அடியும் தண்டோடு கழன்று விழுந்துவிடும். கனி மொட்டைத் தலையோடு நிற்கும். பல்போஸ்டைலிஸில் தண்டு மட்டும் போய், அடி சின்னக் குமிழாகக் கனியின் உச்சியிலேயே தங்கிவிடும்.

சாமி முன்னால் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டுகிறவர் முதல் ஆள். இரண்டாமவர் வீம்புக்காரர். பூசாரி சொன்னாலும் கேட்கமாட்டார். பந்தியிலும் முண்டாசு, படுக்கையிலும் முண்டாசு, மண்ணுக்குள் போகும்போதும் அதே முண்டாசு. (பூசாரி யார் என்று கேட்டு எழுதாதீர்கள்.) சிக்கல் என்னவென்றால், இளங்கதிரில் இருவர் தலையிலும் முண்டாசு இருக்கும்.

வரலாறும் கேட்பீர்கள். முதல் பேரினத்துக்கு 1805இல் வால் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தார், அடுத்ததற்கு 1837இல் குந்த். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் நம் பக்கத்துக்கு இன்றும் உதவும். இடையில் டி.என்.ஏ. ஆய்வு வந்து கில்லிங்கா என்ற கோரைப் பேரினத்தைச் சைப்பெரஸுக்குள் சேர்த்தது. பெயர்ப்பலகைதான் மாறியது, செடி மாறவில்லை.

எந்தச் செடியின் பெயரையும் நொடியில் சொல்வதாகச் செயலிகளுக்கு விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் செதிலுக்குள் ஒளிந்திருக்கும் கனி படத்தில் விழவே இல்லை. விழாததைச் செயற்கை நுண்ணறிவு எங்கிருந்து பார்க்கும்? இந்தப் படத்தை வைத்துப் பெயர் சொல்பவர் யாரானாலும் ஊகம்தான் செய்கிறார்.

அய்யனார் கோவில் ஆறு ஓடும் மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்; அனுமதியில்லாமல் அங்கே எதையும் பறிக்கக் கூடாது. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலேயே தேடுங்கள். கதிர் நன்றாக முற்றட்டும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். தலையில் குமிழ் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.