காப்பி அறுவடையும் சுற்றுலாவும்: கோஸ்டா ரிக்காவின் அனுபவம்

பணப்பயிர் ஏற்றுமதியை நம்பி வாழும் சிறிய நாடுகளுக்கு உலகச் சந்தையின் விலை ஏற்றத்தாழ்வு ஒரு தீராத இடர்ப்பாடாகும். பயிரை மட்டுமன்றி, அது விளையும் நிலத்தையும் அறுவடைக் காட்சியையும் வருவாய்க்கு உரிய வளமாக்கி இவ்விடரைத் தணிக்க முயன்ற நாடுகளுள் மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா குறிப்பிடத்தக்கது. இம்முயற்சியின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதே வளர்ச்சித் திட்டங்களில் ஈடுபாடுடையோர் ஆராய வேண்டிய வினாவாகும்.

மண்ணும் உயரமும்

கோஸ்டா ரிக்காவின் மத்தியப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து போவாஸ், பார்வா, இராசூ ஆகிய எரிமலைகள் நிற்கின்றன. காலங்காலமாகப் படிந்த எரிமலைச் சாம்பல் இங்கு ஆழமான, பொலபொலப்பான மண்ணாக மாறியுள்ளது. இம்மண் ஈரத்தைத் தேக்கி வைப்பதுடன் மிகை நீரையும் எளிதில் வடித்துவிடும். காப்பிச் செடியின் வேர்களுக்கு இவ்விரு தன்மைகளும் தேவை. எனினும், இம்மண் பாஸ்பரஸ் சத்தைத் தன்னுள் இறுகப் பிடித்துக் கொள்வதால் உரமிடுதல் இன்றியமையாததாகிறது. உயர்ந்த சரிவுகளின் குளிர்ச்சியில் பழம் மெதுவாக முதிர்வதால் கொட்டை இறுகி, சுவை கூடுகிறது.

எரிமலை வளமும் தரும், அழிவும் தரும். 1963 முதல் 1965 வரை இராசூ கக்கிய சாம்பல் பள்ளத்தாக்கின் பயிர்களைப் பாதித்தது. 2017இல் போவாஸ் வெடித்தபோது அதன் தேசியப் பூங்கா ஓராண்டுக்கும் மேலாக மூடப்பட்டது.

சட்டம் காத்த பங்கீடு

1843இல் இங்கிலாந்துக்கு நேரடி ஏற்றுமதி தொடங்கிய பின் காப்பியே இந்நாட்டின் பொருளாதாரத்துக்கு அடித்தளமாயிற்று. ஆனால் பழத்தைப் பதனிடும் ஆலைகள் ஒரு சிலர் கையில் இருந்தமையால், சிறு விவசாயிகள் ஆலை அதிபர்கள் கூறிய விலைக்குக் கட்டுப்பட நேர்ந்தது. இதனை நெறிப்படுத்த 1933இல் காப்பிப் பாதுகாப்புக் கழகம் நிறுவப்பட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயி, ஆலையாளர், ஏற்றுமதியாளர் ஆகியோரிடையே உள்ள உறவை வரையறுத்தது. இதன்படி, பழத்தை ஒப்படைக்கும்போது விவசாயி முன்பணம் பெறுகிறார். காப்பி விற்றுத் தீர்ந்ததும், செலவுகளும் ஆலையாளருக்கு அனுமதிக்கப்பட்ட 9 சதவீத இலாபமும் கழிக்கப்பட்டு, எஞ்சியது விவசாயிக்கே உரியதாகிறது.

எனினும் உள்நாட்டுச் சட்டத்தால் உலக விலையைத் தாங்கிப் பிடிக்க இயலாது. பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 1989 ஜூலையில் கைவிடப்பட்டதும் விலை பெருமளவு சரிந்தது. பங்கீடு நேர்மையாக இருந்தும், பங்கிட வேண்டிய தொகையே சுருங்கிவிட்டது.

சுற்றுலாவின் வரவு

இக்காலத்தில் இந்நாட்டின் சுற்றுலாத்துறை வேகமாக வளர்ந்தது. 1990களில் அந்நியச் செலாவணி ஈட்டுவதில் காப்பியை விஞ்சியது. மத்தியப் பள்ளத்தாக்கின் அறுவடைக் காலமும் வெளிநாட்டினர் பெருமளவில் வரும் வறண்ட பருவமும் ஒன்றோடொன்று இணைந்து வருவது தோட்டங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. கட்டணம் செலுத்தி வருவோர் இடுப்பில் கூடை கட்டிச் சிறிது நேரம் பழம் பறிக்கின்றனர். சதை நீக்குதல், உலர்த்துதல், வறுத்தல் ஆகியவற்றைக் கண்டறிந்து, வறுத்த காப்பியையும் வாங்கிச் செல்கின்றனர். மூலப்பொருளாக மட்டுமே கப்பலேறிய சரக்கு இவ்வாறு தோட்ட வாயிலிலேயே மதிப்புக் கூட்டப்பெற்று விற்பனையாகிறது. விவசாயக் குடும்பங்கள் 2000க்குப் பின் நிறுவிய சிற்றாலைகளிலும் இத்தகைய விற்பனைக்கு வழி ஏற்பட்டுள்ளது.

பயன் யாருக்கு?

ஆயினும், சொந்த ஆலையும் நல்ல சாலையும் விருந்தினரை வரவேற்கும் வசதியும் உள்ளவர்களே இவ்வருவாயை எளிதில் பெறுகின்றனர். பழத்தை மட்டும் விற்கும் சிறு விவசாயிக்குச் சுற்றுலாக் கட்டணத்தில் பங்கில்லை; 1961ஆம் ஆண்டுச் சட்டம் காப்பி விற்பனையை மட்டுமே ஆள்கிறது.

பழம் பறிப்போரின் நிலை மேலும் சிந்திக்கத்தக்கது. செங்குத்தான சரிவுகளில் இயந்திர அறுவடை இயலாது; பழங்கள் ஒரே சமயத்தில் பழுக்காமையால் பல சுற்றுகள் பறிக்க வேண்டும். நிகரகுவாவிலிருந்து வருவோரும் பனாமா எல்லைப் பகுதியின் நோபே பழங்குடியினரும் இப்பணியில் பெரும்பங்கு வகிக்கின்றனர். ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் கூடையே கூலியின் அளவுகோல். அதற்கான குறைந்தபட்சக் கூலியை அரசு நிர்ணயிக்கிறது. பயணிக்குப் பொழுதுபோக்காக உள்ள அதே கூடை தொழிலாளிக்கு அன்றைய உணவாகும். பெற்றோர் பறிக்கச் செல்லும்போது பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லங்கள் சில பகுதிகளில் இயங்குவது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும்.

நமக்குரிய பாடம்

நமது குடகு, சிக்கமகளூரு மலைப்பகுதிகள் எரிமலை நிலங்கள் அல்லவெனினும் அங்கும் தோட்ட விடுதிகள் பெருகியுள்ளன. நம் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலம் உடையவர்களே. ஆகவே, தனித்தனி விடுதிகளை ஊக்குவிப்பதுடன் நில்லாது, கூட்டுறவு அடிப்படையில் பதனிடும் நிலையங்களை அமைத்து அவற்றையே பார்வையாளர் மையங்களாக்குவதும், கட்டணத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்குவதும் பயனளிக்கும். சுற்றுலா வருவாய் தானாகவே கீழ்த்தட்டு மக்களைச் சென்றடையாது. காப்பி விலைக்கு வகுத்ததைப் போல, அதற்கும் பங்கீட்டு நெறி ஒன்று வகுக்கப்பட வேண்டும்.