மழைநீர்த் தொட்டி: அளவும் அமைப்பும் பேணுகையும்

கூரைமேல் விழும் மழையை அது நிலத்தைத் தொடுமுன் ஏற்று, வடித்து, ஒளியும் உயிரிகளும் புகாவண்ணம் மூடிவைத்து, மழையற்ற நாள்களில் எடுத்தாளுதற்கு அமைக்கப்படும் கொள்கலமே மழைநீர்த் தொட்டி. இவ்வமைப்பின் உறுப்புகள் ஐந்து: மழையை ஏற்கும் பெறுபரப்பு, ஏற்ற நீரைக் கீழே கொணரும் இறக்குகுழாய், முதற்பெயலின் அழுக்கை விலக்கும் முதல்நீர் ஒதுக்கி, எஞ்சிய தூசைத் தடுக்கும் வடிகலம், வடிந்த நீரைக் காக்கும் தொட்டி. ஐந்தனுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய நான்கின் உழைப்பும் வீணாகும்.

மழைநீர்ச் சேமிப்பு, கலத்துச் சேமிப்பு, நிலத்துச் சேமிப்பு என இருவகைப்படும். முன்னது நீரைத் தொட்டியில் தேக்கி நேரே பயன்கொள்வது. பின்னது நீரைக் கிணற்றிலோ ஊறல்குழியிலோ இறக்கி நிலத்தடி நீரைப் பெருக்குவது. 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு கட்டடங்கள்தோறும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரிதும் பரவியது நிலத்துச் சேமிப்பே. எனினும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் குடத்தோடு தண்ணீர் வண்டிக்குக் காத்துநின்றபோது, குடிப்பதற்கும் சமைப்பதற்குமான நீரையேனும் வீட்டிலேயே வைத்திருத்தலின் அருமை விளங்கிற்று. இருவகையும் ஒன்றற்கொன்று துணையாவனவே என்பதைக் கணக்கே காட்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லிட்டர். இவ்வெளிய ஒப்புமையே இத்துறையின் அடித்தளம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழும் நீர் 1,40,000 லிட்டர். சுவறியும் ஆவியாகியும் தெறித்தும் கழிவன போக, அதில் 80 விழுக்காடு கைக்கு வரும் எனக் கொண்டால் 1,12,000 லிட்டர். இனித் தேவையைக் காண்போம். நால்வர் வாழும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும். தை தொடங்கி ஆனி வரையிலான வறள்காலத்தை 180 நாள் எனக் கொண்டால் வேண்டுவது 4,500 லிட்டர்; சற்றுக் கூட்டி 5,000 லிட்டர்த் தொட்டி அமைத்தல் தகும். அதனை நிரப்ப 63 மில்லிமீட்டர் மழை போதும். ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வதுண்டு. ஆகவே, தொட்டியின் கொள்ளளவை முடிவுசெய்வது பெய்யும் மழையின் மிகுதியன்று, மழையற்ற நாள்களின் நீட்சியே.

குளிக்கவும் துவைக்கவும் வேண்டும் நீர் முழுவதையும் தொட்டியிலேயே வைக்க எண்ணினால், ஆளுக்கு 135 லிட்டர் என்னும் நகர அளவுப்படி, அதே நால்வர்க்கு அதே காலத்திற்கு 97,200 லிட்டர் தேவை. அதற்கு மூன்று மீட்டர் உயரமும் ஆறு மீட்டர் நீளமும் ஐந்தரை மீட்டர் அகலமும் உடைய ஓர் அறையே வேண்டும். சிறுவீட்டார்க்கு அஃது இயலாது. குடிநீருக்குத் தொட்டி, பிற தேவைக்குக் கிணறு எனப் பகுத்துக்கொண்டு, தொட்டி நிரம்பியபின் வழியும் நீரைக் கிணற்றில் இறக்குவதே முறை.

அளவுக்கு அடுத்து வருவது வடிவு. நீர் தன் ஆழத்திற்கேற்பச் சுவரை அழுத்தும். இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் இரண்டு டன் எடையைத் தாங்க வேண்டும். சதுரத்தொட்டியில் அவ்வழுத்தம் மூலைகளில் குவிந்து வெடிப்பு உண்டாக்கும். உருளைத்தொட்டியில் அது சுற்றிலும் ஒரேசீராய்ப் பரவும். மேலும், ஒரே பரப்பை வளைக்கச் சதுரத்தைவிட வட்டத்திற்கு ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்த சுற்றளவே போதும் என்பதால் செலவும் குறையும். கம்பிவலையின்மேல் சிமென்டுக் காரை பூசிக் கட்டும் வலைக்காரைத் தொட்டி மெல்லியதாயினும் வலியது. கடையில் கிடைக்கும் நெகிழித் தொட்டி உடனே பயன்தரும். எனினும் ஒளி ஊடுருவாத நிறமும் உணவுத்தரமும் உடையதாய்த் தேர்தல் வேண்டும். நிலத்தடித் தொட்டி குளிர்ச்சி தரும்; ஆயின் நிலத்தடிநீர் மேலெழும் மழைக்காலத்தில் அது வெறுமையாய் இருந்தால் மிதந்து பெயர்வதும் உண்டு என்பதால், அடித்தளத்திற்கு எடை சேர்த்தல் வேண்டும்.

உறுப்புகளுள் நுட்பமானது முதல்நீர் ஒதுக்கி. முதல் ஒரு மில்லிமீட்டர் மழை மாடியிலுள்ள புழுதியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும். 100 சதுர மீட்டருக்கு அது 100 லிட்டர். அந்நீர் இறக்குகுழாயினின்று கிளைத்த சிறுகலம் ஒன்றில் முதலில் நிறையும். கலத்தினுள் மிதக்கும் உள்ளீடற்ற பந்து, நீர் ஏற ஏறத் தானும் எழுந்து, கழுத்தை எட்டியதும் வாயை அடைத்துவிடும். அதன்பின் வரும் தெளிநீர் வேறு வழியின்றி வடிகலத்தை நோக்கித் திரும்பும். கலத்தின் அடியிலுள்ள சிறுதுளை வழியே அழுக்குநீர் சொட்டுச் சொட்டாய் வெளியேறி, அடுத்த மழைக்குள் கலம் வெறுமையாகும். ஆள் காவலின்றி, மிதப்பு என்னும் ஒரு நெறியே இங்குக் காவல் செய்கிறது.

தொட்டியினுள் நீர் புகும் குழாயை அடிவரை இறக்கி மேல்நோக்கி வளைத்தால், படிந்த வண்டல் கலங்காது. எடுக்கும் குழாய் அடியினின்று ஒரு சாண் உயரத்தில் அமைதல் வேண்டும். மிகைநீர்க் குழாய்க்கும் வளிப்புழைக்கும் ஒரு மில்லிமீட்டரினும் நுண்ணிய கண்ணுடைய வலை கட்டுதல் இன்றியமையாதது. ஏனெனில், டெங்கு பரப்பும் கொசு, நன்னீரில் முட்டையினின்று முழுவளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு கிழமையே ஆகும். ஒளி புகாவிடில் பாசி படராது.

மழைநீர் உப்பற்ற மென்னீர். காற்றிலுள்ள கரிவளி (கரியமில வாயு) கரைவதால் சற்றே புளிமத்தன்மை உடையது. சிமென்டுத் தொட்டியின் சுண்ணம் அதனை ஆற்றும். ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரையினின்று குடிநீர் ஏற்றல் ஆகாது. எவ்வளவு தெளிந்திருப்பினும், கண்ணுக்குப் புலப்படா நோய்நுண்மிகள் இருக்கக்கூடும் ஆதலின், கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும்.

பேணுகைக்கு ஆண்டே ஓர் ஒழுங்கு தருகிறது. புரட்டாசியில் மாடியைக் கூட்டிக் கழுவி, தொட்டியைத் தேய்த்து, வடிகல மணலை மாற்றி, வலைகளை ஆராய்தல். ஐப்பசியில் முதல் மழையைப் புறத்தே விட்டுப் பின்வருவதை ஏற்றல். மார்கழி இறுதியில் நிறைந்த அளவைக் குறித்து, நாளொன்றுக்கு எடுக்கத்தகும் அளவை வரையறுத்தல். கூரையின் பரப்பை மழையளவோடும், வீட்டாரின் நாள்தேவையை வறள்நாள்களின் எண்ணிக்கையோடும் பெருக்கி ஒப்பிடத் தெரிந்த எவரும் தம் தொட்டியைத் தாமே வரையலாம். இவ்வறிவு பொறியாளர்க்கே உரியதன்று. தாய்மொழியில் தெளிவுறச் சொன்னால், கொத்தனார்க்கும் இல்லத்தரசிக்கும் பள்ளி மாணவர்க்கும் ஒருங்கே உரியதாகும். வரும் புரட்டாசிக்கு முன், தம் மாடியை அளந்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது ஒவ்வொரு வீட்டாரின் கடமை.